வாசிக்காத பெயர்

பதினாறு வருடம் எங்கள் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் பெயர் வாசித்தது நான்தான். அது என் வேலை இல்லை. நான் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளர். மதிப்பெண் பட்டியல், மறுகூட்டல், சான்றிதழ் என்று நாள் முழுக்கக் காகிதத்தோடு கிடப்பவள். ஒரு வருடம், பெயர் வாசிக்க வேண்டிய பேராசிரியருக்கு விழா அன்று காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. பட்டியலைத் தயார் செய்தவள் என்பதால் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

பல்கலைக்கழகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், பாதி வழிக்கு மேல், ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன தனியார் நிறுவனம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து தினமும் பஸ்ஸில்தான் போய் வந்தேன். வடலூர், குறிஞ்சிப்பாடி, நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள்தான் எங்களிடம் படித்தார்கள். முக்கால்வாசிப் பேர் வீட்டில் அவர்களுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

பெரிய அரங்கம் எங்களிடம் கிடையாது. விளையாட்டுத் திடலில் பந்தல் போட்டுத்தான் விழா. மழை ஓய்ந்து மண் இறுகிய பிறகு, தை மாதத்தில் ஒரு நாள். வாசலில் வாழைமரம், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடைக்கு இரண்டு பக்கமும் படிகள். பத்து மணிக்கு மேல் கடல்காற்று கிளம்பினால் பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி வாசிக்கப் பழகிக்கொண்டேன்.

ஒவ்வொரு பெயராக வாசிப்போம். பெயர் கேட்டதும் மாணவர் மேடை ஏறுவார். அதே நேரம் பந்தலுக்குள் அவருடைய குடும்பம் எழுந்து நிற்கும். இது எந்த விதியிலும் இல்லை. ஆரம்ப வருடங்களில் ஏதோ ஒரு தாய் தன்னை மறந்து எழுந்து நின்றிருக்கிறாள். அதைப் பார்த்து அடுத்த குடும்பமும் நின்றிருக்கிறது. அப்படியே வழக்கமாகிவிட்டது. மேடையிலிருந்து பார்த்தால் ஒரு மூலையில் ஐந்து பேர் எழுவார்கள், உட்காருவார்கள். நடுவில் எங்கோ இரண்டு பேர் எழுவார்கள். சில பெயருக்கு ஒரே ஓர் ஆள். சில பெயருக்கு யாருமே எழ மாட்டார்கள். அப்போது பக்கத்து வரிசையில் இருக்கும் முன்பின் தெரியாதவர்கள் யாராவது எழுந்து நின்றுவிடுவார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது.

அதனாலேயே பெயரைத் தப்பாக வாசித்துவிடுவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரை வைத்து அது ழகரமா, ளகரமா என்று சொல்ல முடியாது. சந்தேகமுள்ள வீடுகளுக்கெல்லாம் நானே ஃபோன் செய்து கேட்பேன். "எப்படி மேடம் கூப்புடுவீங்க, சொல்லிக்காட்டுங்க" என்பார்கள். சொல்லிக்காட்டுவேன். அந்தப் பக்கம் சிரிப்பார்கள். விழாவுக்கு முந்தைய இரண்டு வாரங்கள் மதிய இடைவேளை முழுக்க எனக்கு இப்படியே போகும். சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். நான் சந்தோஷமாக இருந்தது வருடத்தில் அந்த இரண்டு வாரங்கள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கொரோனா வந்து இரண்டு வருடம் விழா நடக்கவில்லை. சான்றிதழ்களைத் தபாலில் அனுப்பினோம். மூன்றாம் வருடம் திரும்பவும் பந்தல் போட்டோம். இனி எல்லாம் பழையபடி நடக்கும் என்று நம்பினேன். நான் சொல்ல வந்தது அதற்கும் சில வருடங்கள் கழித்து நடந்ததை.

அந்த வருடம் பட்டியல் சீக்கிரமே தயாராகிவிட்டதால், விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே ஃபோன் செய்ய ஆரம்பித்திருந்தேன். கணிதம் படித்த ஒரு பெண்ணின் பெயர். முதல் வகுப்பு. நெல்லிக்குப்பம் பக்கத்துக் கிராமம். விண்ணப்பத்தில் இருந்தது அப்பாவின் எண்.

"பல்கலைக்கழகத்துலேருந்து பேசுறேங்க. உங்க பொண்ணு இருக்காங்களா?"

"பொண்ணு இல்லீங்க."

"வெளிய போயிருக்காங்களா? எப்ப வருவாங்க?"

டிராக்டர் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"இல்லீங்க மேடம். பொண்ணு தவறிப்போச்சு. பரீட்சை எழுதிட்டு வந்து பதினஞ்சாவது நாளு. காய்ச்சல்."

துறைக்குத் தெரிந்திருக்கிறது, தேர்வுப் பிரிவுக்கு யாரும் சொல்லவில்லை. முடிவுகள் வெளியானபோது அவள் முதல் வகுப்பு வாங்கியதாக நாங்கள் பட்டியல் போட்டிருக்கிறோம். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"பாஸா மேடம் அவ?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்ங்க. உங்களுக்குச் சொல்லலையா யாரும்?"

"நாங்க யாரையும் கேக்கலீங்க."

அதற்குப் பிறகு நான் சொன்னதைச் சொல்லும்படி அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. படித்து முடித்து இறந்துபோன பிள்ளையின் பெயரையும் வாசிப்போம். பெற்றோர் மேடைக்கு வந்து பட்டத்தை வாங்கிக்கொள்வார்கள். என் காலத்தில் நான்கு முறை அப்படி வாசித்திருக்கிறேன். நான்கு முறையும் மொத்தப் பந்தலும் எழுந்து நின்றிருக்கிறது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

"பேரைக் கூப்புடுவீங்களா? மைக்குலயா?"

"ஆமாங்க. நான்தான் கூப்புடுவேன். வேற யாரும் இல்ல."

"அவ அம்மா வரணும்ல. கேட்டுப் பாக்குறேன்."

நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "வரோம் மேடம். அவளும் வரேன்னுட்டா." பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. ஃபோனை யாரிடமோ கொடுத்தார். ஒரு பெண் குரல் பெயரை ஒரே ஒரு தடவை, நிதானமாக, இனிஷியலோடு சொல்லிவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தது. அதைத் தனியாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே பதிவாளர் கூட்டம் போட்டார். புதிதாக வந்தவர், வயதில் என்னைவிடச் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலையில் எங்களுக்கு முன்னால் வருவார், கோப்புகளைத் தேங்க விட மாட்டார். இனிமேல் பட்டமளிப்பு விழாவை சென்னையில் ஒரு மாநாட்டு அரங்கில் நடத்தலாம் என்றார். தங்கப் பதக்கம் வாங்கியவர்களும் முனைவர் பட்டம் பெற்றவர்களும் வந்தால் போதும், மற்றவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிடலாம்.

"திடல்ல வெயில்ல, தூசில, எல்லாரையும் உக்கார வச்சுக்கிட்டு... சீஃப் கெஸ்ட் யாரும் வரமாட்டேங்கிறாங்க மேடம். ஃபோட்டோவும் நல்லா வரல."

அந்த அறையில் பதினோரு பேர் இருந்தோம். எதிர்த்துப் பேசியது நான் மட்டும்தான். அதில் இப்போது பெருமை ஒன்றும் இல்லை. பேசியது அந்தப் பெண்ணின் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்துத்தான். ஆனால் அதைச் சொல்லாமல் மரபு, அடையாளம், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் என்று என்னென்னவோ பேசினேன். பெற்றோர் சென்னைக்கு வர முடியாது என்றேன். "எழுத்துல குடுங்க" என்றார் பதிவாளர்.

கொடுத்தேன். பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்குப் போய் மூன்று நாள் தேடினேன். நிறுவனம் தொடங்கியபோது எழுதிய விதிமுறைகளில் ஒரு வரி கிடைத்தது. பட்டமளிப்பு விழா ஆண்டுதோறும் பல்கலைக்கழக வளாகத்தில் நடத்தப்பட வேண்டும். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, நான்கு பக்கக் குறிப்பு எழுதி, துணைவேந்தரின் மேசை வரை கொண்டுபோனேன். அவர் பொறுமையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "விதியில இருக்கே" என்றார். அவ்வளவுதான். வளாகத்திலேயே விழா என்று சுற்றறிக்கை வந்தது.

அன்று பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆலப்பாக்கம் வரை நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவே இல்லை.

அதன் பிறகு வந்த வாரங்களில் நான் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை. பந்தல்காரரைக் கூட்டிவந்து திடலை அளந்தேன். மேற்குப் பக்கம் மழைத் தண்ணீர் இன்னும் வடியாமல் நின்றது. மண் கொட்டச் சொன்னேன். கறுப்பு அங்கிகளை எண்ணி வாங்கி, ரசகற்பூர நெடி போக மாடியில் காயவைத்தோம். நாற்காலி வரிசைகளுக்கு வரைபடம் போட்டேன். மேடையின் வலது பக்கப் படிக்கு நேராக இரண்டாம் வரிசையில் இரண்டு இடம், அவர்களுக்காக. அந்த அப்பா ஒரு தடவை ஃபோன் செய்து, "பேரு கூப்புட்டா வீட்டு ஆளுங்கெல்லாம் எழுந்து நிப்பாங்களாமே மேடம், எங்க ஊரு புள்ள ஒண்ணு சொல்லுச்சு" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ஆளுங்களையும் கூட்டியாரலாமா?" என்றார். தாராளமாக வாங்க என்றேன். வரைபடத்தில் இரண்டை அழித்துவிட்டு முழு வரிசை என்று எழுதினேன்.

விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது நிகழ்ச்சி நிரல் என் மேசைக்கு வந்தது. பிரார்த்தனை, வரவேற்பு, அறிக்கை, பதக்கங்கள், சிறப்பு விருந்தினர் உரை, உறுதிமொழி. பெயர் வாசிப்பு இல்லை. அந்த இடத்தில் 'புலம்வாரியாகப் பட்டம் வழங்குதல்' என்று ஒரே வரி. ஒவ்வொரு புலத்தின் முதன்மையரும் தன் மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்வார். வேந்தர் ஒரு வாக்கியத்தில் எல்லோருக்கும் பட்டம் வழங்கிவிடுவார். எனக்கு நிகழ்ச்சித் தொகுப்பு மட்டும்.

பதிவாளரின் அறைக்குப் போனேன்.

"சார், பேரு வாசிக்கிறது இல்லியா?"

"சீஃப் கெஸ்ட் ஒண்ணேகால் மணி நேரம்தான் இருப்பாரு மேடம். பாண்டிச்சேரில அடுத்த புரோகிராம் இருக்கு."

"அதுக்காகத்தான் சார் எல்லாரும் வராங்க."

அவர் பேனாவை மூடிவைத்தார். "கேம்பஸ்ல நடத்தணும்னு கேட்டீங்க. நடத்துறோம். உங்க நோட்ல பேரு வாசிக்கணும்னு எங்கயுமே இல்லியே."

உண்மைதான். நான்கு பக்கத்தில் திடலைப் பற்றி எழுதியிருந்தேன். பந்தலைப் பற்றி, பேருந்து வசதியைப் பற்றி, விதி எண்ணைப் பற்றியெல்லாம் எழுதியிருந்தேன். பெயர் வாசிப்பதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. விழா என்றால் அதுதானே, அதைப் போய் யார் எடுப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஒரே ஒரு பெயர் மட்டும் வாசிக்க அனுமதி கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. "பாவம்தான் மேடம். ஆனா ஒருத்தருக்குப் பண்ணா மத்தவங்க ஏன் எங்க புள்ள பேரு இல்லன்னு கேப்பாங்க. அதுவும் நல்ல நாள் அதுவுமா... பாக்கலாம். அன்னிக்கு டைம் இருந்தா பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எட்டு நாள் இருந்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பது வருட அலுவலக அனுபவத்தில் எனக்குத் தெரியாதா? காலையில் டிபன் சாப்பிடும்போது என் கணவர் சொன்னார், "அந்த ஆளுக்கு ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லிடு. வந்து ஏமாந்து போகப்போறாங்க." இன்றைக்குச் செய்கிறேன் என்றேன். மதியம் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். என்ன சொல்வது? வராதீர்கள் என்றா? வாருங்கள், ஆனால் கூப்பிட மாட்டோம் என்றா? ஒருவேளை நேரம் இருந்துவிட்டால்? இப்படியே எட்டு நாளும் போனது. நான் ஃபோன் செய்யவில்லை.

விழா நாள் நல்ல வெயில். ஒன்பது மணிக்கெல்லாம் பந்தல் நிறைந்துவிட்டது. அந்தப் பெண்ணின் வீட்டார் ஒரு வேனில் வந்திறங்கினார்கள். பதினான்கு பேர். அந்த அப்பாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், புது வேட்டி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மனைவி பின்னால் நின்றார். மணிக்கட்டில் வயதுக்குப் பொருந்தாத ரோஸ் நிறக் கைக்கடிகாரம். மாமா, சித்தப்பா, அத்தைகள், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய இரண்டு சிறுமிகள்.

"நீங்கதான் ஃபோன்ல பேசுனவங்களா மேடம்?"

"ஆமாங்க. வாங்க, வாங்க. இடம் போட்டு வச்சிருக்கேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டு மேடைக்குப் போனேன். துண்டுக் காகிதம் என் கோப்பின் மேலேயே இருந்தது.

அறிவியல் புலத்தின் முறை வந்தது. நான் அறிவித்தேன். முதன்மையர் வந்து, "அறிவியல் புலப் பட்டதாரிகள் எழுந்து நிற்கவும்" என்றார். இடது பக்கம் அங்கி போட்ட பிள்ளைகள் மொத்தமாக எழுந்தார்கள். வலது பக்கம் இரண்டாம் வரிசையில் அந்த மனிதரும் எழுந்தார்.

இதுதான் அது என்று நினைத்துவிட்டார். திரும்பி மனைவியைப் பார்த்துக் கையைக் காட்டினார். அந்த அம்மா எழவில்லை. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள், அந்தச் சிறுமிகளும். பந்தலின் பெற்றோர் பக்கம் முழுக்க எல்லோரும் உட்கார்ந்திருக்க, அந்த ஒரு வரிசை மட்டும் நின்றது. வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த பேராசிரியர் ஒருவர் ஓடிப்போய், "பேரண்ட்ஸெல்லாம் உக்காருங்க, ஸ்டூடண்ட்ஸ் மட்டுந்தான்" என்று கையை அசைத்தார். உட்கார்ந்தார்கள். அந்த அப்பா மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பாதி எழுந்த நிலையில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேந்தர் தன் வாக்கியத்தைச் சொல்லி முடித்தார். கைதட்டல். பிள்ளைகள் உட்காரும் நாற்காலிச் சத்தம் அடங்க ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடம் மைக் என் முன்னால் இருந்தது. பதிவாளர் சிறப்பு விருந்தினரிடம் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்னை யாரும் பார்க்கவில்லை. யாரும் தடுத்திருக்கவும் மாட்டார்கள். இனிஷியலோடு சேர்த்து இரண்டு நொடி ஆகும். வாசித்துவிட்டால் அதன் பிறகு மெமோ கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நான் அடுத்த வரியை வாசித்தேன். "அடுத்து, வணிகவியல் புலம்."

ஏன் என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது, அது ஒரு காரணம். கையில் இருக்கும் தாளில் உள்ளதை வாசித்தே பழகிய வாய், அதுவும் ஒரு காரணம். எதுவும் போதுமான காரணமாகத் தெரியவில்லை.

சரியாக ஒன்றேகால் மணி நேரத்தில் விழா முடிந்தது. நேரம் மிச்சமில்லை என்றும் சொல்ல முடியாது. சிறப்பு விருந்தினர் அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஃபோட்டோவுக்கு நின்றார்.

சான்றிதழ் கொடுக்கும் மேசையில் கூட்டம். நான் போய்ச் சேரும்போது அந்தப் பெண்ணின் அப்பா வரிசையில் நின்று முன்னால் வந்துவிட்டிருந்தார். மேசையிலிருந்த ஊழியர், "மாணவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே போய், நேரில் வராதவர்களின் பெட்டியிலிருந்து அந்த உறையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். திறந்து பார்க்கவில்லை.

"கூப்புட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை. "ஸ்பீக்கரு அந்தப் பக்கமா இருந்துச்சு. காத்து வேற. எங்க காதுலதான் விழலையோன்னு..."

எனக்கு ஒரு வழியை அவரே திறந்து வைத்தார். நான் அதற்குள் நுழைந்துகொண்டேன்.

"கூப்புட்டேங்க" என்றேன்.

"அதான பாத்தேன். நீங்க சொன்னா செய்வீங்கன்னு..."

பின்னால் நின்ற அந்த அம்மா அன்று முழுக்கப் பேசியது ஒரே ஒரு தடவைதான்.

"நான் கேட்டுக்கினேதான் இருந்தேன்" என்றார். "கூப்புடல."

என்னிடம் சொல்லவில்லை. கணவரிடமும் சொன்னது மாதிரி இல்லை. சொல்லிவிட்டு வேன் நின்ற பக்கம் நடந்தார். கணவர் ஒரு தடவை என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தோம், பதினான்கு பேரில் ஒருவரும் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் விதிமுறை திருத்தப்பட்டது. 'பல்கலைக்கழக வளாகத்தில்' என்ற வார்த்தைகளுக்குப் பிறகு 'அல்லது பல்கலைக்கழகம் தீர்மானிக்கும் வேறு முறையில்' என்று சேர்த்தார்கள். அந்தக் கோப்பு என் மேசை வழியாகத்தான் போனது. அதோடு என் நான்கு பக்கக் குறிப்பையும் இணைத்திருந்தார்கள், அதிலிருந்த திடல், பந்தல் விவரங்களே வளாகத்தில் நடத்த என்னென்ன சிரமம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் என்று. ஒன்றேகால் மணி நேரத்தில் முடிகிற நிகழ்ச்சியை எங்கிருந்தும் நடத்தலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். இப்போது பட்டம் பெற்றவர்களுக்கு மின்னஞ்சலில் ஓர் இணைப்பு போகிறது. அதைத் தட்டினால் சான்றிதழ் இறங்கும். கூடவே வேந்தரின் வாழ்த்துரை மூன்று நிமிட வீடியோ.

விதியைத் திருத்திய அந்த வருடத் தவக்காலத்தில் எங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எப்போதும் சொல்கிற கோபம், பொறாமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு பொய் சொன்னேன் ஃபாதர் என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். "அவங்ககிட்ட போய்ச் சொல்லும்மா" என்றார். ஜெபம் செய்யச் சொல்லியிருந்தால் எத்தனை வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

அந்த வாரமே நெல்லிக்குப்பம் போனேன். அரவை நடந்துகொண்டிருந்த காலம். அந்தப் பெண்ணின் அப்பா ஆலைக்குக் கரும்பு ஏற்றிவந்து வரிசையில் நிற்பதாக ஃபோனில் சொன்னார். சாலையோரம் டிராக்டர்கள் நீளமாக நின்றன. நடந்து நடந்து தேடினேன். வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

"நான் அன்னிக்குப் பேரைக் கூப்புடல" என்றேன். "உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா...?"

"என் பொண்ணு பேரு எனக்குக் கேக்காம போவுமா?" என்றார். துண்டை மடித்தார், திரும்பப் பிரித்தார். "நாந்தான் எல்லாரையும் இட்டாந்தேன். மாமனுங்க, சின்ன மாமியாரு, எல்லாரும். வேலையை வுட்டுட்டு வந்தாங்க. திரும்பிப் போவசொல்ல வேன்ல யாரும் பேசல. அப்ப சொன்னேன், பேரைக் கூப்புட்டாங்க, நமக்குத்தான் காத்துல கேக்கல, மேடமே சொன்னாங்கன்னு. இன்னிக்கு வரைக்கும் அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன். நீங்க வந்து மாத்திச் சொல்லிறாதீங்க."

"வீட்டுல அம்மா?"

"அவ எங்கூட அந்தப் பேச்சே எடுக்கறதில்ல. அன்னியிலேருந்தே." துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். "அந்தக் கவரை நெல்லு மூட்டைக்குப் பின்னால வச்சுட்டா. கண்ணுல படக்கூடாதாம்."

வீட்டுக்கு வந்து அந்த அம்மாவைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் மேடம் என்றார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார். அதற்குள் முன்னால் நின்ற வண்டி நகர்ந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். நான்கைந்து அடிதான் போனது, திரும்பவும் நின்றது. நான் இன்னும் அங்கேயே நின்றேன். சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது, சொன்னதால் அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் திரும்பிப் பார்க்காமல் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி ஆலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிவிட்டது. கடலூர் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று அங்கே டீக்கடையில் கேட்டுக்கொண்டு நடந்தேன்.